ஆர்லோ டிக்ஸின் கை

அமெரிக்கப் பந்தாட்டமான பேஸ்பாலின் சின்ன லீக்குகளில், ஒரு வருடத்தில் அதிகம் ஹோம் ரன், அதாவது வேலி தாண்டும் அடி, அடிக்கிறவருக்கு ஒரு விருது உண்டு. ஆர்லோ டிக்ஸ் என்று ஒருவர் இருந்தார். ஆயுள் முழுக்கச் சின்ன லீக்கிலேயே கிடந்து, பந்தை வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டே இருந்தவர். அவர் செத்த பிறகு அவருடைய வலது கையை வெண்கலத்தில் வார்த்து, அதே மாதிரி ஒரு கையை வருடா வருடம் விருதாகக் கொடுக்கிறார்கள். கைகுலுக்க நீட்டிய கை. வாங்கியவர்கள் அதை டிவி பெட்டி மேல் வைத்துக்கொண்டு, வெளியே போகும்போது ஒரு தடவையும் திரும்பி வரும்போது ஒரு தடவையும் குலுக்குவார்களாம்.

விருதில் ஒரே ஒரு சங்கடம். நன்றாக அடிக்கிறவனைக் கோடை பாதியிலேயே பெரிய லீக்குக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே இந்தக் கை வேண்டுமென்றால் நன்றாகவும் அடிக்க வேண்டும், யார் கண்ணிலும் படவும் கூடாது. இரண்டும் ஒருசேரக் கைவந்தவர் டெல்பர்ட் நோவோசாட். முப்பது தாண்டிவிட்டது, முழங்கால் போய்விட்டது, ஓடினால் பக்கத்தில் நடந்து வருகிறவர்கள் முந்திவிடுவார்கள். ஆனால் மட்டையில் பட்ட பந்து வீடு திரும்பாது.

அந்த வருடம் அவரை வாங்கியது மேற்கு டெக்சாஸில் ட்ரை க்ரீக் ஊர் அணி. அணிக்குக் கோவேறு கழுதைகள் என்று பெயர். ஊரார் வாக்குப் போட்டு வைத்த பெயர். எதிர்த்து விழுந்தது ஒரே வாக்கு, அதைப் போட்டவர் கோவேறு கழுதை வளர்ப்பவர்.

கிளம்பி வரும்முன் டெல்பர்ட் லொரெய்னைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சொந்த ஊரில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவள். கடை வாசலில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் நின்று, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"வருஷா வருஷம் இதான் கடைசின்னு சொல்லிட்டுப் போற. நான் யோசிக்கணும். நீ போன் பண்ணி நச்சரிக்காத. பதில் தோணுச்சுன்னா நானே கூப்பிடுறேன்."

டெல்பர்ட் தங்கப்போகும் வீட்டின் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தார். ஐடா பிக்கெட் என்ற விதவையம்மாளின் வீடு. ஒவ்வொரு வருடமும் ஓர் ஆட்டக்காரருக்கு அறை கொடுத்துச் சோறும் போடுகிறவர்.

ஏப்ரலில் முதல் வாரமே டெல்பர்ட் தன் முதல் ஹோம் ரன்னை அடித்தார். பந்து வேலியைத் தாண்டி, வேலிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த மாட்டு லாரியில் விழுந்து, மறுநாள் கான்சஸில் இறங்கியது. அவர் நாலு தளத்தையும் சாவகாசமாகச் சுற்றிவிட்டு, ஆட்டக்காரர்கள் உட்காரும் குழிக்குள் கையை நீட்டிக்கொண்டு இறங்கினார்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் ஷூ கயிற்றைக் கட்டினார். ஒருவர் கூரையை ஆராய்ந்தார். மேலாளர் ஸ்கீட்டர் பம்ஃப்ரி, எல்லாரும் 'ஸ்கிப்' என்று கூப்பிடும் கிழவர், சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டு மைதானத்தில் புல்லை எண்ணினார்.

இது பழைய வழக்கம். அணிக்குப் புதிதாக வந்தவன் முதல் ஹோம் ரன் அடித்துவிட்டு வந்தால் யாரும் கண்டுகொள்ளாதது மாதிரி இருப்பார்கள். அவன் அசடு வழிந்துகொண்டு நிற்பான். ஒரு நிமிடம் கழித்து எல்லாரும் ஒரே கூச்சலாகப் பாய்ந்து, தலையில் தட்டி, சட்டைக்குள் ஐஸைக் கொட்டுவார்கள். இதற்கு ஒரே விதி: முகத்தை முதலில் திருப்பியவன் எவனோ அவன்தான் முதலில் பேசி முடித்து வைக்க வேண்டும். அன்று முதலில் திருப்பியவன் மாற்று கேட்சர் கோர்டி ஸ்ட்ராப். மட்டைக்காரருக்குப் பின்னால் முகமூடியோடு குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிறவன்தான் கேட்சர்.

அந்த ஒரு நிமிடத்துக்குள் குழியில் இருந்த தொலைபேசி மணி அடித்தது. கோர்டியை வேறோர் ஊர் அணிக்குக் கொடுத்தாகிவிட்டது, பஸ் வெளியே நிற்கிறது என்றார்கள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினான். ஓடுகிற அவசரத்தில் முடித்து வைக்க மறந்துவிட்டான்.

மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆரம்பித்தவன் இல்லாமல் எப்படி முடிப்பது? டெல்பர்ட் நீட்டிய கையோடு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அடுத்த முறை மட்டை பிடித்தபோது இன்னொரு ஹோம் ரன் அடித்தார். அதோடு விஷயம் தீர்ந்தது. பந்தாட்டக்காரன், ஓடுகிற வண்டியில் ஆணியைக்கூட மாற்ற மாட்டான். ஜெயித்துக்கொண்டிருக்கும்வரை காலுறையைத் துவைக்காதவர்கள் அவர்கள். அவரோடு பேசாமல் இருப்பதால்தான் அவர் அடிக்கிறார் என்று முடிவாகிவிட்டது.

"விளையாட்டு போதும்டா," என்று மூன்றாம் நாள் டெல்பர்ட் சொல்லிப் பார்த்தார். பந்து வீசும் பிட்சர் தாட் தன் கையுறைக்குள் எதையோ தேடினான்.

"டேய் தாட், உன்னத்தான்."

தாட் கையுறையை மாட்டிக்கொண்டு மழை பெய்கிறதா என்று பார்க்க வெளியே போனான். மேற்கு டெக்சாஸில் அந்த வருடம் மழையே கிடையாது.

செய்தி ஊருக்குள் பரவ ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது. உணவகத்தில் பரிமாறுகிற பெண் அவர் கேட்காமலே, முதல் நாள் சாப்பிட்ட அதே மாவில் பொரித்த மாட்டிறைச்சியையும் வெள்ளைக் குழம்பையும் கொண்டு வந்து வைத்துவிட்டு ஓடினாள். முட்டை வேண்டும் என்று அவர் எத்தனையோ தடவை சொன்னார். அவள் சுவரைப் பார்த்துக் காபி ஊற்றினாள். ஊர் முடிதிருத்துபவர் வாயை மூடிக்கொண்டு வேலை செய்து பழக்கமில்லாதவர். டெல்பர்ட்டுக்கு முடி வெட்டிய அன்று உடம்பெல்லாம் தடித்துப்போய் டாக்டரிடம் போனார். தேவாலயத்தில் போதகர் வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டே வந்து, டெல்பர்ட் முறை வந்ததும் குனிந்து ஷூவைத் துடைத்தார். ரேடியோவில் அவர் பெயரையே சொல்வதில்லை, 'அந்த முதல் தளத்துப் பக்கம் நிற்பவர்' என்றார்கள். பிக்கெட் அம்மாளின் நாய்கூட அவர் உள்ளே வந்தால் சோபாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கு யார் சொன்னார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை.

பிக்கெட் அம்மாள் மட்டும் அவருக்குத் தட்டில் சோளரொட்டி ஒன்று கூடுதலாக வைப்பார். வைத்துவிட்டு ஏப்ரனை முந்தானை மாதிரி எடுத்து வாயைப் பொத்திக்கொள்வார். டெல்பர்ட் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் கூடத்துத் தொலைபேசியைப் பார்ப்பார்.

"மேடம், எனக்கு ஏதாவது போன் வந்துச்சா?"

அம்மாள் ஜன்னல் திரையைச் சரிசெய்வார். வந்திருந்தால் ஒரு தலையசைப்பாவது இருந்திருக்கும் என்று அவர் நினைத்துக்கொள்வார். லொரெய்ன் இன்னும் யோசிக்கிறாள் போலிருக்கிறது.

அவரோடு பேசுகிறவர்கள் ஒரே ஓர் இடத்தில் இருந்தார்கள். எதிரணிகள்.

பேசினால் அதிர்ஷ்டம் கெடும் என்று கோவேறு கழுதைகள் நம்புவது எதிரணிகளின் காதுக்கும் போனது. கெட்டுத் தொலையட்டும் என்று எதிரணி கேட்சர்கள் அவர் மட்டையோடு வந்து நின்றதும் ஆசை ஆசையாகப் பேச்சுக் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தெரியாதது ஒன்று. அந்த வாரத்தில் டெல்பர்ட்டின் காதில் விழுந்த முதல் மனிதக் குரல் அதுதான். அதை விட அவருக்கு மனசில்லை. பந்தாட்டத்தில் இரண்டு பந்தைக் கோட்டைவிட்ட பிறகு மூன்றாவதையும் விட்டால் ஆள் அவுட். ஆனால் பந்தைப் பக்கவாட்டில் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டுக்கொண்டே இருந்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். டெல்பர்ட் தட்டிவிட்டுக்கொண்டே நின்றார்.

அமரில்லோ அணியின் கேட்சர் தன் தங்கை கல்யாணத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னான்.

"அப்புறம்?" என்றார் டெல்பர்ட், ஒரு பந்தை வலப்பக்கக் கூட்டத்துக்குள் தட்டிவிட்டு.

"அப்புறம் என்ன, மாப்பிள்ளையோட அண்ணன் கேக்கு மேலயே உக்காந்துட்டான்."

"ஐயையோ." இன்னொன்றை இடப்பக்கம் தட்டினார். "வேணும்னேவா?"

"குடிச்சிருந்தான்னு எங்க பக்கம் சொல்றாங்க. நாற்காலின்னு நெனச்சேன்னு அவன் சொல்றான்."

அதற்குள் பிட்சரின் கை கழன்று தொங்கிவிட்டது. பூசணிக்காய் மாதிரி ஒரு பந்து மெதுவாக வந்தது. இத்தனை வருடம் பழகிய கை, கேட்காமலே சுழன்றது. பந்து போனது போனதுதான். ஜூன் மாதத்தில் இப்படிப் போன ஒன்று இன்னும் தரைக்கு வரவில்லை. அம்பயர் ஹோம் ரன் என்று அறிவித்தபோது எதிரணி மேலாளர், அவசரப்படுகிறீர்கள் என்று ஆட்சேபித்தார். இப்போதும் அந்த ஊர்க்காரர்கள் காற்றடிக்கும் நாளில் தொப்பி போடாமல் அந்த வேலியோரம் நடப்பதில்லை.

டெல்பர்ட் தளங்களைச் சுற்றும்போது அவருக்கு வருத்தமாக இருந்தது. கல்யாணத்தில் மாற்றுக் கேக்கு கிடைத்ததா என்பதைக் கேட்க முடியாமல் போய்விட்டது. குழிக்குள் இறங்கினால் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

இப்படியே ஜூலை முடிவதற்குள் எல்லாச் சின்ன லீக்குகளிலும் அவர்தான் முதலிடத்தில் இருந்தார். ஆர்லோ டிக்ஸின் கை ட்ரை க்ரீக்குக்கு வருகிறது என்று எழுதிக் கடைத்தெருவில் துணி கட்டினார்கள். கையை வைக்க நகராட்சியில் கண்ணாடிப் பெட்டி செய்தார்கள். பெட்டியை எல்லாரும் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்டில் எதிரணிகளுக்குப் புத்தி வந்தது. பேசினால்தான் இவன் நிற்கிறான், நின்றால்தான் அடிக்கிறான். கேட்சர்கள் வாயைத் தைத்துக்கொண்டார்கள். அதன்பின் டெல்பர்ட் காதில் விழுந்தது அம்பயர் குரல் மட்டும்தான், அதுவும் 'ஸ்ட்ரைக்' என்று. நிற்பதற்குக் காரணம் இல்லாமல் போனது. வந்தார், மட்டையை மூன்று முறை சுற்றினார், போனார். கலிபோர்னியாவில் எவனோ ஓர் இளவட்டம் மடமடவென்று அடித்து அவரைத் தொட்டுவிட்டான். ஆட்டக்காலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது இரண்டு பேரும் சமம்.

டெல்பர்ட் குளியலறையில் இருந்தபோது ஸ்கிப் வெளியே கூட்டம் போட்டது அவர் காதில் விழுந்தது.

"எவன்டா அவன்கிட்டப் பேசினது? மரியாதையா ஒத்துக்கோங்க."

"யாரும் பேசல, ஸ்கிப்."

"பின்ன எப்படிடா அடி நின்னுச்சு? தாட், நீ அன்னிக்குத் தும்மினப்ப அவன் என்னமோ சொன்னான், நீ தேங்க்ஸ்னியாமே?"

"மனசுக்குள்ளதான் ஸ்கிப் சொன்னேன்."

"மனசுக்குள்ளயும் சொல்லாத!"

டெல்பர்ட் துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு தண்ணீர் ஆறும்வரை அங்கேயே நின்றார்.

கடைசி ஆட்டம் செப்டம்பரில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தினத்தன்று மதியம். வெயில் கூரைத் தகரத்தைப் பொரித்துக்கொண்டிருந்தது. எதிரணி பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் ஒருவன் கேட்சரின் முகமூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். கோர்டி ஸ்ட்ராப்! மூன்று அணிகள் கைமாறி இந்த அணிக்கு வந்து சேர்ந்திருந்தான்.

முதல் மூன்று முறையும் கோர்டி வாயைத் திறக்கவில்லை. அவனுடைய மேலாளரின் உத்தரவு. டெல்பர்ட்டும் அவனைப் பார்த்துக்கொண்டே அவுட் ஆனார். கடைசி இன்னிங்ஸில், இரண்டு பேர் அவுட் ஆன பிறகு, அவர் முறை மறுபடி வந்தது. ஒன்றே ஒன்று அடித்தால் கை அவருடையது. ஊரே எழுந்து நின்றது, ஒரு சத்தம் இல்லாமல்.

இரண்டு பந்தைக் கோட்டைவிட்டார். மூன்றாவதைப் பக்கவாட்டில் தட்டிவிட்டுக் குனியாமலே சொன்னார்:

"கோர்டி. நீதான ஆரம்பிச்ச. முடிச்சு வச்சுட்டுப் போடா."

இன்னொரு பந்து வந்தது, தட்டினார்.

"ஏப்ரல்லருந்துடா."

முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது. "எது ஏப்ரல்லருந்து?"

"எங்கிட்ட யாரும் பேசுறதில்ல."

"நான் போனப்புறம் அவனுங்க முடிக்கலியா?"

"ஆரம்பிச்சவன் நீயில்லியா." ஒரு பந்தை நொறுக்குத்தீனிக் கடைக்குள் தட்டிவிட்டார்.

"அடப்பாவிங்களா! அஞ்சு மாசமாவா?" கோர்டி அம்பயர் நீட்டிய புதுப் பந்தை வாங்க மறந்து உட்கார்ந்திருந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு டெல். இன்னும் ஒண்ணு அடிச்சா கை உனக்கு. பிட்சர் நாக்குத் தள்ளிட்டான், அடுத்தது பூசணிக்காதான் வரும். நான் இப்ப முடிச்சு வச்சேன்னா அதிர்ஷ்டம் போயிரும். போன வருஷம் எங்க ஆளு ஒருத்தனுக்கு இப்படித்தான் போச்சு. அடிச்சுட்டு வா, அப்புறம் பேசுறேன்."

"அடிச்சா நான் ஓடிருவேன். ஆட்டம் முடிஞ்சிரும். உங்க பஸ் கிளம்பிரும். போன தடவ உனக்கு பஸ் வந்தப்ப என்னாச்சு?"

கோர்டி யோசித்தான். "வெண்கலம்டா அது."

"தெரியும். கையைக் குடு."

கோர்டி எழுந்து, முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளி, வலது கையை நீட்டினான். வேர்த்து, புழுதி ஒட்டி, இரண்டு விரல் கோணிய கை. "நல்ல அடி, டெல்," என்றான். "ஏப்ரல்ல அடிச்சியே, அது."

"என்னய்யா, ரெண்டு பேரும் மோதிரம் மாத்திக்கப் போறீங்களா, ஆடப் போறீங்களா?" என்றார் அம்பயர்.

ஆடினார்கள். சொன்ன மாதிரியே பூசணிக்காய்தான் வந்தது. டெல்பர்ட் தன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த புழுதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பந்து அவரைக் கடந்து கோர்டியின் கையுறையில் போய் மெதுவாக உட்கார்ந்தது. மூன்றாவது ஸ்ட்ரைக். ஆட்டம் முடிந்தது. அன்று சாயங்காலம் கலிபோர்னியாக்காரன் ஒன்று அடித்து ஆர்லோ டிக்ஸின் கையைக் கொண்டுபோனான்.

ஆனால் கோர்டி கைகொடுத்ததைக் குழியில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். விதிப்படி முடிந்தாயிற்று. டெல்பர்ட் இறங்கியதும் பாய்ந்தார்கள் பாருங்கள், பெஞ்சு இரண்டாக உடைந்தது. ஐந்து மாதம் அடைத்து வைத்த பேச்சு ஒரே நேரத்தில் கொட்டியது. "விட்டுட்டியேடா தடியா!" என்றார் ஸ்கிப், அவர் தலையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு. "உன் வண்டிக்கு இடப்பக்க லைட்டு எரியல, மே மாசத்துலருந்து சொல்லணும்னு இருக்கேன்," என்றான் ஒருவன். "தேங்க்ஸ் டெல், அந்தத் தும்மலுக்கு," என்றான் தாட். சட்டைக்குள் ஐஸைக் கொட்டினார்கள். டெல்பர்ட் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பேச்சு நின்றுவிடுமோ என்று பயந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆட்டக்காலம் முடிந்த நாளில் ஆட்டக்காரர்கள் தங்குவதில்லை. காரில் ஏற்கெனவே பெட்டி ஏறியிருக்கும். வேர்வை காய்வதற்குள் ஒருவர் ஒக்லஹோமா பக்கம், ஒருவர் ஜார்ஜியா பக்கம் என்று போய்விட்டார்கள். கோர்டியின் பஸ்ஸும் போய்விட்டது. வண்டி நிறுத்தும் இடத்தில் டெல்பர்ட்டின் வண்டி மட்டும் ஒற்றை விளக்கோடு நின்றது. கடைத்தெருவில் கட்டிய துணியைக் காற்று ஏற்கெனவே அவிழ்த்துவிட்டிருந்தது.

வீட்டில் பிக்கெட் அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். நாயும் சோபாவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்திருந்தது.

"முடிஞ்சுதா தம்பி? பேசலாம்ல இப்ப?"

"பேசலாம் மேடம்."

"அப்பாடா." அவர் ஏப்ரனை விட்டார். "லொரெய்ன்னு ஒரு பொண்ணு போன் பண்ணுச்சுப்பா."

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றினார். "எப்போ?"

"ஜூன்ல. நீ மைதானத்துல இருந்த. 'சரின்னு சொல்லுங்க, அவருக்குப் புரியும்'னுச்சு. நல்லா சிரிச்ச கொரலு." அம்மாள் நாயைத் தடவினார். "ஜூலைல மறுபடி கூப்பிட்டுச்சு. சொன்னீங்களான்னு கேட்டுச்சு. அவருக்குச் சொல்லக் கூடாது தாயி, அவரு அடிச்சிட்டு இருக்காருன்னேன். அதுக்குப் புரியல போலருக்கு. போன மாசம் கூப்பிட்டு, இனிமே கூப்பிட மாட்டேன்னு சொல்லுங்கன்னுச்சு."

டெல்பர்ட் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

"எழுதிக்கூட வச்சிருப்பேன். ஆனா எழுதறதும் பேசற மாதிரிதானப்பா. உனக்கு அந்தக் கை கெடைக்கணும்னுதான்..." அம்மாள் மறுபடி ஏப்ரன் நுனியைப் பிடித்தார். "கெடைச்சுதா?"

"இல்ல மேடம்."

அம்மாள் சோளரொட்டி எடுத்துவர உள்ளே போனார். உள்ளேயே இருந்துகொண்டார்.

டெல்பர்ட் கூடத்தில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் முழங்காலை நீட்டி உட்கார்ந்தார். எண்ணைச் சுழற்றினார். தீவனக் கடை மூடும் நேரம். மணி போய்க்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தார்கள்.

"லொரெய்ன், நான்தான்."

அந்தப் பக்கம் சத்தமில்லை.

வேறு யாராக இருந்தாலும் தொடர்பு அறுந்துவிட்டது என்று வைத்திருப்பார்கள். டெல்பர்ட் ஒரு கோடை முழுக்க இதிலேயே குடியிருந்தவர். மௌனத்தில் அவருக்குத் தெரியாத ரகமில்லை. பயந்த மௌனம், பாசத்தில் பொத்திய மௌனம், ஆள் எழுந்து போய்விட்ட மௌனம், எல்லாவற்றையும் சத்தம் கேட்டே சொல்வார். இது போய்விட்டவளின் மௌனம் இல்லை. தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, காதை எடுக்காமல் இருப்பவளுடையது.

"நீ பேச வேணாம்," என்றார். "எனக்குப் பழக்கம்தான். வச்சுடாத, அது போதும். ஏப்ரல்ல ஒரு பந்து அடிச்சேன், அது மாட்டு லாரில விழுந்து கான்சஸ் போயிருச்சு..."

அந்தப் பக்கம் மூச்சு ஒன்று மூக்கு வழியாகச் சட்டென்று வந்தது. கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை. அவர் அதை வேலி தாண்டி அனுப்பப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் மெல்லத் தட்டிவிட்டு, அமரில்லோ கேட்சருடைய தங்கை கல்யாணத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.